பிலடெல்பியா வைஃபை சோதனை: சப்ளையருக்கு எந்தப் பங்கு, எவ்வளவு மதிப்பெண்?

வடம்:
நகராட்சி பிராட்பேண்ட் சோதனைகளில் சப்ளையரை எப்படி எடைபோடுவது என்ற பேச்சு வந்தாலே பிலடெல்பியாவின் நகர வைஃபை திட்டம் வந்து நின்றுவிடுகிறது. ஆனால் பாதிப் பேர் "ட்ரோபோஸ் நிறுவனத்தின் பெட்டி சரியில்லை" என்று முடித்துவிடுகிறார்கள், மீதிப் பேர் "எர்த்லிங்க் கைவிட்டுப் போய்விட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே மதிப்பீடு ஆகாது.

தெரிந்த விவரம்: 2004-ல் மேயர் ஜான் ஸ்ட்ரீட் காலத்தில் அறிவிப்பு. 2005 அக்டோபரில், கடைசிச் சுற்றில் எச்பி-யைத் தள்ளிவிட்டு இணையச் சேவை நிறுவனமான எர்த்லிங்க் தேர்வானது. மொத்தம் 135 சதுர மைல். அதற்கு முன்னோட்டமாக வடக்கு பிலடெல்பியாவில் 15 சதுர மைலுக்குச் சோதனைப் பகுதி. 2007-ல் அந்தப் பகுதி தேறிவிட்டதாக ஏற்கப்பட்டது. 2008 மே மாதம் எர்த்லிங்க் விலகல் அறிவிப்பு. தேறிய சோதனை ஒரு வருடத்தில் கவிழ்ந்தது எப்படி? மதிப்பீட்டு அறிக்கையில் யார் பெயருக்கு எதிரே எதை எழுதுவது?

மெஷ்மணி:
முதலில் "சப்ளையர்" என்று ஒரே பெயரில் மூன்று பேரை அடைத்திருப்பதைப் பிரியுங்கள். எர்த்லிங்க் கருவி விற்றவர் இல்லை. சொந்தக் காசைப் போட்டு வலையமைப்பைக் கட்டி, அதை நடத்தி, சந்தா வசூலிக்க வந்தவர். மோட்டோரோலா ஒருங்கிணைப்பாளர், கூடவே நோடுகளை முதன்மை இணையத்தோடு இணைக்கும் கனோபி ரேடியோக்களைக் கொடுத்தவர். ட்ரோபோஸ் விளக்குக் கம்பத்தில் தொங்கிய மெஷ் நோடுகளை, அதாவது சிக்னலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் வைஃபை பெட்டிகளைக் கொடுத்தவர். மூவருக்கும் ஒரே மதிப்பெண் தாள் என்றால் எல்லாருக்கும் 50-தான் வரும், அதனால் யாருக்கும் பயனில்லை.

அப்புறம் அந்த "தேறிய" விஷயம். நோடு அடர்த்தியைப் பாருங்கள். திட்டம் போடும்போது சதுர மைலுக்கு 20-க்குச் சற்று மேல். சோதனைப் பகுதி முடியும்போது 40-ஐத் தாண்டிவிட்டது. அதாவது ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் நோடு சேர்த்துச் சேர்த்து, சிக்னல் வந்ததும் தேறியது என்று எழுதினார்கள். சிக்னல் தேறியது உண்மை. நகரம் முழுவதற்கும் போட்ட விலைக் கணக்கு அங்கேயே தோற்றது. ஆனால் ஏற்புப் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

22 என்று வைத்தால் 135 சதுர மைலுக்கு 2,970 நோடு. 42 என்று வைத்தால் 5,670. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அதைப் பணமாக்கிப் பார்ப்போம். கம்பத்தில் ஏற்றி, மின்சாரம் கொடுத்து, கட்டமைத்து முடிக்க நோடுக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உதாரணத்துக்கான எண், ஒப்பந்த விலை அல்ல. கூடுதல் 2,700 நோடுக்கு 81 லட்சம் டாலர். நகரமே 2005-ல் போட்ட திட்டத்தில் மொத்தச் செலவு 1 கோடி டாலரை ஒட்டித்தான் இருந்தது. எர்த்லிங்க் போட்ட பணம் 1.7 கோடி டாலர் அளவு என்று செய்திகளில் வந்தது.

வரவுப் பக்கம் இன்னும் மோசம். சந்தா மாதம் 20 டாலர் சுமார், வருமானம் குறைந்தவர்களுக்கு 9.95. சந்தாதாரர்கள் 6,000 அளவில் நின்றுவிட்டார்கள். எல்லாரும் 20 கொடுத்தாலும் வருடத்துக்கு 14.4 லட்சம் டாலர்தான். கம்பத்துக்கு, மின்சாரத்துக்கு, பழுது வண்டிக்கு, அழைப்பு மையத்துக்கு எல்லாம் இதிலிருந்தே கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வெரைசன் 2005-ல் 768 கிலோபிட் டிஎஸ்எல்லை (தொலைபேசிக் கம்பி வழி இணையம்) 14.95 டாலருக்கு இறக்கியது. திட்டம் எழுதியபோது "மலிவான இணையம்" என்பதற்கு என்ன விலையோ, கம்பத்தில் முதல் நோடு ஏறும் முன்பே அது மாறிவிட்டது. இதை ட்ரோபோஸ் கணக்கில் எழுதினால் அநியாயம்.

வடம்:
பிள்ளை சார், சந்தை மாறியது சரி. ஆனாலும் கருவிக்காரரை அவ்வளவு சுலபமாக விடக் கூடாது. அமெரிக்க விதிப்படி 2.4 கிகாஹெர்ட்ஸில் கம்பத்து நோடு 36 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, 10 கூடினால் பத்து மடங்கு) வரை வீசலாம். வீட்டு லேப்டாப் வீசுவது 15 டிபிஎம். 21 டிபி வித்தியாசம். நோடு கத்துவது லேப்டாப்புக்குக் கேட்கும், லேப்டாப் முனகுவது நோடுக்குக் கேட்காது. திரையில் நாலு கட்டை சிக்னல், இணையப் பக்கமோ திறக்காது. இது வடிவமைப்பிலேயே உள்ள குறை இல்லையா?

மெஷ்மணி:
குறை உண்டு, ஆனால் 21 டிபி தப்புக் கணக்கு. 36 என்பது 30 டிபிஎம் ரேடியோவும் 6 டிபிஐ ஆன்டெனாவும் சேர்ந்தது. ஆன்டெனாவின் ஆதாயம் போகும்போதும் வரும்போதும் ஒன்றுதான், அதே ஆன்டெனா லேப்டாப்பின் முனகலையும் 6 டிபி தூக்கிக் கொடுக்கும். நிஜ வித்தியாசம் 30-க்கும் 15-க்கும் நடுவில் உள்ள 15 டிபி. நோடின் ரிசீவர் லேப்டாப்பைவிடச் சில டிபி நன்றாகக் கேட்கும் என்றால் அது இன்னும் குறையும். அறிக்கையில் 21 என்று போட்டால் சப்ளையரின் பொறியாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார், அப்புறம் மீதி 40 பக்கத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மிச்சமுள்ள 10 முதல் 15 டிபியே போதும், வீட்டுக்குள் வேலை கெட. பிலடெல்பியாவின் சுவரோடு சுவர் ஒட்டிய ஒட்டு வீடுகள் செங்கல். தெருப்பக்க ஜன்னல் அறையில் வரும், பின்கட்டுச் சமையலறையில் வராது. ஜன்னலோரம் வைக்கும் அதிசக்தி மோடம் ஒன்றைக் கொடுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும். அதற்கு வீட்டுக்கு ஒரு பெட்டிச் செலவு. "லேப்டாப்பைத் திற, இணையம் வரும்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்த பிறகு "பெட்டி வேண்டும்" என்றால், டிஎஸ்எல் பெட்டியே வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விடுவார்கள்.

கருவிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சதுர மைலுக்கு இத்தனை நோடு என்று சொன்னீர்களே, அந்த எண்ணில் வீட்டுக்குள் இருக்கும் கருவி எது என்று வைத்தீர்கள்? ஜன்னல் மோடமா, வெறும் லேப்டாப்பா? எழுத்தில் பதில் வாங்கியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இன்னொரு குறை, அதைக் கட்டாயம் அவர் பக்கம் எழுதலாம். ட்ரோபோஸ் 5210 ஒற்றை ரேடியோ. வாடிக்கையாளரிடம் பேசுவதும் அடுத்த நோடுக்குக் கடத்துவதும் ஒரே 2.4 சேனலில். இரண்டு தாவல் (நோடுக்கு நோடு கடத்தல்) என்றால் வேகம் பாதி, மூன்று என்றால் மூன்றில் ஒன்று. 802.11ஜி என்ற வைஃபை தரத்தில் நிஜமாகக் கிடைப்பது 20 மெகாபிட் சுமார், பக்கத்தில் ஒரு பழைய 802.11பி கார்டு சேர்ந்துவிட்டால் அதுவும் பாதிக்குக் கீழே. மூன்றாவது தாவலில் மூன்று நாலு மெகாபிட்டை முழுத் தெருவும் பங்கு போடும். கனோபி இறங்கும் நோடுகளை நெருக்கமாக வைத்தால் தாவல் குறையும், பேக்ஹால் (நோடிலிருந்து முதன்மை இணையம் வரையான இணைப்பு) செலவு ஏறும். இந்த விகிதத்தைத் தீர்மானித்தவர் பெயரையும் அறிக்கையில் போட வேண்டும்.

ஒயர்மேன்:
எல்லாரும் காற்றிலேயே இருக்கிறீர்கள், கம்பத்துக்கு இறங்கி வாருங்கள்.

தெருவிளக்கு நோடுக்கு மின்சாரம் எடுக்கும் வழி, விளக்குத் தலையில் உள்ள ஃபோட்டோசெல் (இருட்டினால் விளக்கை ஏற்றும் உணரி) சாக்கெட். மூன்று முள் திருகுப் பூட்டு. ஃபோட்டோசெல்லைக் கழற்றி, நடுவில் டேப் அடாப்டரைச் செருகி, மேலே ஃபோட்டோசெல்லைத் திரும்ப மாட்ட வேண்டும். அடாப்டரிலிருந்து வரும் வயர் நோடுக்கு. கேட்க ரொம்பச் சுலபம்.

ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஃபோட்டோசெல் இருந்தால்தான் இது நடக்கும். ஒரு தெருவையே ஒரு பெட்டியிலிருந்து மொத்தமாக அணைத்துப் போடும் சுற்று என்றால் பகலில் கம்பத்தில் மின்சாரமே இருக்காது. பேட்டரி வைத்த நோடு சில மணி நேரம் தாங்கும், பகல் முழுக்கத் தாங்காது. அப்படிப்பட்ட கம்பங்களை வரைபடத்திலிருந்து அழித்தால் நோடு இடம் மாறும், இடம் மாறினால் பக்கத்து நோடோடு நேர்பார்வை போகும், அதை அடைக்க இன்னொரு நோடு. மெஷ்மணி சொன்ன 20, 40 ஆனதில் ரேடியோவுக்கு எவ்வளவு பங்கு, கம்பத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்காத மதிப்பீடு அரைகுறைதான்.

சுற்றின் கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் இறங்கும். விளக்கு மினுக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், நோடு ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும். "நோடு பழுது" என்று மாற்றுவார்கள், புதிய நோடும் அதையே செய்யும். பழுதுப் பதிவேட்டில் ஒரே கம்பத்தில் இரண்டாவது முறை மாற்றிய நோடுகளைத் தனியாக எண்ணுங்கள். அவை சப்ளையரின் பெட்டிப் பழுது இல்லை, கம்பத்துப் பழுது.

ஃபோட்டோசெல்லைச் சரியாகத் திருகாமல் விட்டால் விளக்கு பகலெல்லாம் எரியும். அந்தப் புகார் நகராட்சிக்குப் போகும், நோடு மாட்டியவருக்குப் போகாது. அதையும் எண்ண வேண்டும்.

பெருநகர்:
மினியாபோலிஸை ஒப்பிட்டுப் பார்க்காமல் கருவியைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. 59 சதுர மைல், ஒப்பந்தம் 2006-ல், உள்ளூர் நிறுவனமான யூஎஸ் இன்டர்நெட், கருவி பெல்ஏர். பல ரேடியோ உள்ள பெட்டி, அதனால் மணி சொன்ன தாவல் நஷ்டம் குறைவு. ஆனால் அங்கேயும் திட்டமிட்டதைவிட நோடு ஏறியது. ஏரி, மரம், கம்பம் என்று அவர்களுக்கும் எல்லாத் தொல்லையும் இருந்தது.

அது பிழைத்ததற்குக் காரணம் பெட்டி இல்லை. நகராட்சியே முதல் வாடிக்கையாளர். வருடத்துக்கு 12.5 லட்சம் டாலருக்குக் குறையாமல் வாங்குவதாகப் பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டது. 2007 ஆகஸ்ட் 1-ல் ஐ-35டபிள்யூ பாலம் இடிந்து விழுந்தபோது பாதி கட்டிய வலையமைப்பை மீட்புப் பணிக்குத் திறந்துவிட்டார்கள். நகராட்சிக்கு அதில் வேலை இருந்தது, அதனால் அக்கறையும் இருந்தது.

பிலடெல்பியா மாதிரியில் நகராட்சி கம்பத்தைக் கொடுத்தது, பணத்தைப் போடவில்லை. "வரிப்பணம் ஒரு காசு இல்லை" என்பதுதான் அன்றைய பெருமை. பணம் போடாதவருக்குக் கட்டளையிடும் அதிகாரமும் கொஞ்சம்தான்.

கணக்குப்பிள்ளை:
பெருநகர் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் நகராட்சி வாங்கும் உறுதி கொடுத்தால் சப்ளையர் நல்லவர் ஆகிவிடுவார் என்று படித்துவிடக் கூடாது. உறுதி கொடுத்தால் நோடு இரட்டிப்பாகும் ஆபத்து யார் தலையில் என்பதை அதே தாளில் எழுத வேண்டும். மினியாபோலிஸில் அது நடத்துநர் தலையில் இருந்தது, வருமானத்துக்கு அடித்தளம் இருந்ததால் தாங்கினார். இரண்டையும் நகராட்சியே சுமந்தால் சப்ளையருக்குக் குறைவாக எண்ணிச் சொல்லவே ஆசை வரும்.

அளவுகோல்:
சோதனையை எப்படிச் செய்தால் இந்த ஏமாற்றம் வராது என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அக்கால ஒப்பந்தங்களில் வழக்கமான இலக்கு, தெருவில் 95 சதவீத இடங்களில் சிக்னல், வீட்டுக்குள் 90 சதவீதம். வீட்டுக்குள் என்றால் எந்த அறை, எந்த மாடி, எந்தக் கருவி என்று எழுதாவிட்டால் 90 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை. தெருப்பக்க அறை மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அளக்கும் புள்ளிகளைச் சப்ளையர் தேர்ந்தெடுக்கக் கூடாது. கட்டத் தாளில் பகுதியைப் பிரித்து, எண் குலுக்கி எடுங்கள். 90 சதவீதத்தை மூன்று சதவீதப் புள்ளி கூடக்குறையத் துல்லியத்தில் பார்க்க 384 இடம் வேண்டும். ஐந்து சதவீதப் புள்ளி போதும் என்றால் 138. 50 இடத்தில் அளந்துவிட்டு "91 சதவீதம்" என்று எழுதுவது கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதுதான். 384-ஐயும் ஒட்டு வீடு, அடுக்ககம், கடைத்தெரு, மரம் அடர்ந்த தெரு என்று வகைவாரியாகப் பங்கிடுங்கள், மொத்தச் சராசரியோடு வகைவாரியான எண்ணையும் கேளுங்கள். சராசரி தேறும், ஒட்டு வீடு தோற்கும்.

வழக்கமான தந்திரங்கள் மூன்று. உள்ளே போக முடியாத வீட்டைக் கணக்கிலிருந்து தூக்குவார்கள். முடியாத வீட்டுக்குப் பதில் அதே தெருவில் அடுத்த கதவு எண், பட்டியலிலிருந்து தூக்குவது கிடையாது என்று எழுதுங்கள். தோற்ற புள்ளியில் மட்டும் நோடு சேர்த்து அதே புள்ளியில் திரும்ப அளப்பார்கள். நோடு சேர்த்தால் முழுக் குலுக்கலும் புதிதாக. மூன்றாவது, பருவம். இலை உதிர்ந்த மாதங்களில் ஏற்பு வாங்குவார்கள். இலை நிறைந்த ஒரு மரம் 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 டிபியைத் தின்னும். ஜனவரியில் அளந்தால் ஜூலையில் திரும்ப அளக்கும் வரை கடைசித் தவணையை நிறுத்துங்கள்.

பிங் (இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை) வந்தால் போதும் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மேலேற்றம், கீழிறக்கம் தனித்தனியாக, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல். அந்த நோடுக்கு எத்தனையாவது தாவல் என்பதும் பக்கத்தில். பக்கத்துத் தாவல்களில் பொய்ச் சுமை ஓட்டிக்கொண்டு மாலை நேரத்தில் ஒரு பங்குப் புள்ளிகளைத் திரும்ப எடுங்கள். 1, 6, 11 தவிர மோதாத சேனல் இல்லாத பட்டையில், வீட்டு ரூட்டர்கள் எல்லாம் விழித்திருக்கும் எட்டு மணி அளவு வேறு, காலை பதினொரு மணி அளவு வேறு.

கடைசியாக, ஏற்புப் படிவத்தின் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்: ஒப்பந்தத்தில் சொன்ன நோடு இத்தனை, தேறும்போது நின்ற நோடு இத்தனை, விகிதம் இவ்வளவு. 1.2-க்கு மேல் போனால் சிக்னல் தேறியிருந்தாலும் நகரம் முழுவதற்குமான விலையைத் திறந்து பேச வேண்டும் என்று ஷரத்து. பிலடெல்பியாவில் இது 2-ஐ நெருங்கியது.

டெண்டர்தாசன்:
ஷரத்து என்றதும் வந்துவிட்டேன். விலகும்போது என்ன ஆகும் என்பதில்தான் சப்ளையரின் உண்மையான பங்கு தெரியும். அதே எர்த்லிங்க் 2007 ஆகஸ்டில் ஊழியர்களில் பாதியளவு, 900 பேரைக் குறைத்தது. ஹூஸ்டனில் கெடு தவறியதற்கு 50 லட்சம் டாலர் கட்டியது, ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தில் அந்தத் தொகை எழுதியிருந்தது. பிலடெல்பியாவில் விலகும்போதோ, கருவிகளைக் கழற்றிக்கொள்ளலாம், தன் பொறுப்பு 10 லட்சம் டாலருக்கு மேல் இல்லை என்று அறிவிக்கச் சொல்லி ஃபெடரல் நீதிமன்றம் போனது. ஒரே நிறுவனம், ஒரே வருட இடைவெளிக்குள், இரண்டு ஊரில் இரண்டு நடத்தை. காகிதம்தான் வித்தியாசம்.

லூயிவில்லையும் பாருங்கள். வைஃபை இல்லை, ஃபைபர். கூகிள் ஃபைபர் சாலையில் இரண்டு அங்குல ஆழத்தில் கீறி வடம் பதித்தது, மேலே அடைத்த பூச்சு பெயர்ந்து வடம் வெளியே வந்தது. 2019 ஏப்ரலில் சேவையை மூடியது, சாலையைச் சரிசெய்ய நகராட்சிக்கு 38.4 லட்சம் டாலர் கொடுத்தது. சோதனை முறையைச் சோதித்தவர் அவர், சாலை ஊருடையது. போகும்போது தரையைப் பழையபடி ஆக்குவது யார் செலவு என்பதை முதல் நாளே எழுத வேண்டும்.

பிலடெல்பியாவில் உள்ளூர் முதலீட்டாளர்கள் எடுத்து நடத்திப் பார்த்து, 2009 டிசம்பரில் நகராட்சி 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. மலிவுதான். ஆனால் இப்படி வாங்கும்போது நோடின் நிர்வாகக் கடவுச்சொல், கட்டமைப்புக் கோப்பு, நிர்வாக மென்பொருளின் உரிமம், உதிரி நோடு இருப்பு இவை கைமாறுகிறதா என்று பார்க்காவிட்டால் வாங்கியது கம்பத்தில் தொங்கும் அலுமினியம்தான். உரிமம் பெரும்பாலும் நடத்துநர் பெயரில் இருக்கும், மாற்றத் தனிக் கட்டணம். கருவிக்காரரும் கைமாறுவார்: கனோபி 2011-ல் மோட்டோரோலாவிலிருந்து பிரிந்து கேம்பியம் ஆனது, ட்ரோபோஸை 2012-ல் ஏபிபி வாங்கியது. பத்து வருட ஆதரவு என்று கையெழுத்து வாங்கினால், வாரிசு நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும் வரி வேண்டும்.

வடம்:
எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பீட்டு அறிக்கையின் வரைவை இப்படி எழுதுகிறேன்.

ட்ரோபோஸ்: கருவி தன் விவரத்தாளுக்கு உட்பட்டு வேலை செய்தது. ஒற்றை ரேடியோ, பல தாவல் சுமைக்குப் பொருத்தமில்லை. நோடு அடர்த்தி மதிப்பீட்டில் வீட்டுக் கருவி எது என்பது தெளிவில்லாததற்குப் பொறுப்பில் பங்கு. மோட்டோரோலா: ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் கம்ப ஆய்வும் தாவல் விகிதமும் இவர் தலையில். எர்த்லிங்க்: அடர்த்தி இரட்டிப்பானது தெரிந்த பிறகும் விலையையும் திட்டத்தையும் திறக்காமல் சோதனைப் பகுதியை முடித்து ஏற்பு வாங்கியது, இதுதான் பெரிய கழித்தல். நகராட்சி: ஏற்புப் படிவத்தில் விகிதம் கேட்காதது, வாங்கும் உறுதி கொடுக்காதது.

கணக்குப்பிள்ளை:
எர்த்லிங்க் வரியை ஏற்கவில்லை. கூடுதல் நோடு செலவை அவர்களே சுமந்தார்கள். தன் பணத்தில் நஷ்டப்பட்டவரை ஏமாற்றியவர் போல எழுதுவது சரியல்ல. "ஆபத்தைக் குறைவாக மதிப்பிட்டது" என்று எழுதுங்கள். நிர்வாகம் 2007-ல் மாறியது, முந்தைய தலைமை அதிகாரி அந்த ஜனவரியில் காலமானார், வந்தவர் கணக்கைப் பார்த்துக் கடையைச் சாத்தினார். அவ்வளவுதான்.

டெண்டர்தாசன்:
பிள்ளை சார், பணம் அவர்களுடையது, ஊருக்குக் கொடுத்த வாக்கும் அவர்களுடையது. 9.95 டாலருக்குச் சேர்ந்த குடும்பங்கள் நடுவில் நின்றன. "குறைவாக மதிப்பிட்டது" என்பதோடு "விலகல் ஏற்பாடு இல்லை" என்பதையும் சேர்த்தால் ஒப்புக்கொள்கிறேன்.

வடம்:
இரண்டையும் போடுகிறேன்.

ஒயர்மேன்:
மோட்டோரோலா வரியில் கம்ப ஆய்வை மொத்தமாக ஏற்றிவிட்டீர்கள். அதற்கு முன், கம்பப் பட்டியலைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். தனி ஃபோட்டோசெல்லா, சுற்றுக் கட்டுப்பாடா என்ற பத்தி அந்தப் பட்டியலில் இருந்ததா? பட்டியலில் இருந்தும் பார்க்காமல் வடிவமைத்தால் ஒருங்கிணைப்பாளர் தவறு. பத்தியே இல்லாமல் கொடுத்திருந்தால் கொடுத்தவர் தவறு. கம்ப எண், சாக்கெட் வகை, பகலில் அளந்த வோல்டேஜ், இந்த மூன்றும் நோடு வாரியாக இணைப்பில் இல்லாமல் அந்த வரியை எழுத வேண்டாம்.